மரக்கால் யார் கையில்? – சேரிப் பெண்களும் கணக்கும்

"பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு ஏறாது." "சேரிப் புள்ளைக்குக் கணக்கு ஏறாது." நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் காலங்காலமாகப் புழங்குகிற பேச்சு இது. இரண்டும் சேர்ந்து விழுகிற தலை தலித் பெண்ணின் தலை. இப்போது இதை வாய்விட்டுச் சொல்லச் சிலர் கூச்சப்படுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பதினோராம் வகுப்பில் யாருக்கு எந்த குரூப், வீட்டில் யாருக்கு டியூஷன் பணம், டிகிரி முடித்தபின் யாருக்கு மேற்படிப்பு, யாருக்குக் கல்யாணம் என்று முடிவாகிற இடங்களிலெல்லாம் சொல்லாமலே அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

இதை மூளை சம்பந்தப்பட்ட விஷயமாகப் பேசுவது ஏமாற்று வேலை. கணக்கு யார் கையில் இருந்தது, யார் கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் நாம் பேச வேண்டும். நான் படித்தது தமிழ் எம்.ஏ. "கணிதத்தைப் பத்தி எழுத உனக்கு என்னம்மா தெரியும்" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தேற்றங்களைப் பற்றி எழுத நான் வரவில்லை. பறிபோன ஒன்றைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பறிகொடுத்தவர்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

1. களத்துமேடு

எங்க ஆயா கைநாட்டு. ஊர் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நடவு, களை, அறுப்பு என்று ஐம்பது வருசத்துக்கு மேல் அடுத்தவன் கழனியில் குனிந்து நின்ற உடம்பு. ஒரு கழனியைப் பார்த்த மாத்திரத்தில் இதை நட எத்தனை ஆள் வேணும், எத்தனை முடி நாத்து வேணும் என்று ஆயா சொல்லிவிடும். பத்துப் பேர் கூட்டாக அறுத்த கூலி நெல்லைப் பங்கு வைக்க வேண்டும். அதில் ஒருத்தி உச்சி வேளைக்கு வந்து சேர்ந்தவள், இன்னொருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்க நடுவில் வீட்டுக்குப் போய் வந்தவள். யாரும் முணுமுணுக்காதபடி அவரவர் பங்கைப் பிரித்துக் கொடுக்கிற வேலை ஆயாவிடம்தான் வந்து சேரும். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். புளியங்கொட்டை வைத்து எண்ணும், சுவரில் கரிக்கோடு கிழிக்கும். பின்னம், விகிதம் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஆயா கையில் நெல்லாக இருந்தது.

களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார்கள். "லாபம்" என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக்கை போகும். அது யாருடைய லாபம் என்று களத்தில் யாரும் கேட்டதில்லை. பஞ்ச காலத்தில் ஆண்டை வீட்டில் நெல் கடன் வாங்கினால் தலை தட்டி அளந்து போட்டார்கள். அறுப்பு முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது கோபுரம் கட்டி அளந்து வாங்கினார்கள். திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் அண்ணாமலையார் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை, பதினோரு நிலை, 217 அடி உயரம் என்று அண்ணாந்து பார்க்கிறார்கள். எங்க ஆயாவுக்குக் கோபுரம் என்றால் மரக்கால் வாய்க்கு மேல் குவிந்து நிற்கிற நெல்தான் ஞாபகத்துக்கு வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலை தட்டின மரக்காலுக்கும் குவித்த மரக்காலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஆயாவுக்கு நன்றாகத் தெரியும். பத்து மரக்காலுக்கு எத்தனை படி போச்சு என்று வீட்டுக்கு வந்து சொல்லி அழும். கணக்குத் தெரியாததால் ஏமாந்தோம் என்பது ஆதிக்க சாதிகள் நமக்குச் சொல்லிக் கொடுத்த கதை. கணக்குத் தெரிந்துதான் இருந்தது. கணக்கு நோட்டு ஆண்டை வீட்டில் இருந்தது. மரக்காலும் ஆண்டை வீட்டு மரக்கால்.

இந்தக் கணக்கைத் திருப்பிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கீழவெண்மணி சாட்சி. தஞ்சை மாவட்டத்து விவசாயக் கூலிகள் சங்கமாகச் சேர்ந்து கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 அன்று இரவு ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி என்பது நாலு ஆழாக்கு. அந்த நாலு ஆழாக்கின் கணக்கைக் கேட்கும் உரிமைக்குக் கொடுத்த விலை அது. நம்ம சனங்களுக்குக் கணக்கு என்பது ஒரு பாடப் பிரிவாக மட்டும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

வாசலில் போடுகிற கோலத்தையும் சொல்ல வேண்டும். புள்ளி வைத்து, கம்பி இழுத்து, கை எடுக்காமல் போய் ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிக்கிற கோலத்தை எழுத்தறியாத பெண்கள் விடிகாலையில் ஐந்து நிமிடத்தில் போட்டு முடிக்கிறார்கள். இதற்குள் இருக்கிற ஒழுங்கை எடுத்து, 1974-இல் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கணினி இலக்கணம் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அது உலக அளவில் படிக்கப்பட்டது. மூவரில் இரண்டு பேர் பெண்கள் என்பது நமக்குப் பெருமை. ஆனால் புள்ளி வைக்கிற கை எத்தனையோ தலைமுறையாக வைத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கைக்கு உரியவளே ஒரு நாள் அந்தக் கட்டுரையையும் எழுத வேண்டாமா?

2. கல்லிலும் ஓலையிலும்

எங்கள் ஊர்க் கோயில் சுவர்களில் சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பக்தர்கள் அவற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். படித்துப் பார்த்தால் பெரும்பகுதி கணக்கு. விளக்கெரிக்க இத்தனை பசு, படையலுக்கு இவ்வளவு நெல், அதற்காக இத்தனை நிலம். தமிழ்நாட்டுக் கோயில் சுவர் என்பது கல்லில் எழுதிய பேரேடு.

அந்தப் பேரேட்டின் நுணுக்கம் அசரவைப்பது. ஒன்றை முந்நூற்றிருபதாக வகுத்தால் முந்திரி. அந்த முந்திரியை மறுபடி முந்நூற்றிருபதாக வகுத்தால் கீழ்முந்திரி. அதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. நிலத்தை இவ்வளவு நுணுக்கமாக அளந்து வரி போட்டார்கள். ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி இல்லாத இடங்கள் என்று ஊர் நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் கழித்துக் காட்டப்படுகின்றன. அதே கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்களுக்குத் தலைக்கு நூறு கலம் நெல் என்று பங்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆக, ஆயிரம் வருசத்துக்கு முன்னாலேயே சேரியும் கணக்கில் இருந்தது, பெண்ணும் கணக்கில் இருந்தாள். எண்ணப்பட்டவர்களாக இருந்தார்கள். எண்ணி எழுதுகிறவர்களாக இல்லை.

கிராமத்தில் நிலம் அளந்த கதையும் இதுதான். கோலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வரப்பு வரப்பாக நடந்தவர் வெட்டியான். ஊர் எல்லை எங்கே, மடை எந்தப் பக்கம், எந்தக் கழனிக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவர் மனப்பாடம். எல்லைத் தகராறு வந்தால் பறையர் ஒருவர் தலையில் தண்ணீர்க் குடத்தோடு நடந்து காட்டுவார், அவர் நடந்த தடத்தை எல்லை என்று ஊர் ஏற்கும் என்று 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி ஓலையில் எழுதியவர் கர்ணம். தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல்தான் ஒழிக்கப்பட்டது. செந்தில் பாபு 2022-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் தமிழ்நாட்டுக் கணிதத்தையும் சமூகத்தையும் சேர்த்து வைத்துப் பேசுகிறது. எண்சுவடியையும் கணக்கதிகாரத்தையும் பெருமை பேசுவதற்கு மட்டும் கையில் எடுக்கிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் எல்லாம் தலைகீழாகச் சொல்ல வேண்டும். சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகினார்கள். அந்தத் திண்ணை எந்தத் தெருவில் இருந்தது? 1822-இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826-இல் அவர் தொகுத்துச் சொன்னபடி மாகாணத்தில் 12,498 பள்ளிகள். படித்தவர்கள் சுமார் 1,88,000 பேர். பெண்கள் சுமார் 4,500. நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறவில்லை. அந்தச் சொற்பம் பேரிலும் பலர் கோயிலுக்கு விடப்பட்ட பெண்கள் என்று சில ஆட்சியர்களே எழுதினார்கள். ஆட்சியர்கள் நிரப்பிய படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம் என்று கட்டங்கள் இருந்தன. சேரிக்கென்று ஒரு கட்டம் இல்லை. இந்தப் புள்ளிவிவரத்தை எடுத்து 1983-இல் தரம்பால் ஒரு நூலாக்கினார். வெள்ளைக்காரன் வருமுன் நம் கல்வி ஓர் அழகிய மரமாக இருந்தது என்பது அதன் சாரம். மரம் இருந்திருக்கலாம். அதன் நிழல் எந்தத் தெரு வரைக்கும் விழுந்தது என்பதுதான் நம் கேள்வி.

3. மேதைக்கும் ஆள் வேண்டும்

கணிதம் என்றதும் இங்கே எல்லாரும் ராமானுஜன் பெயரைச் சொல்கிறார்கள். தானாக வந்த மேதை, நாமகிரித் தாயார் கனவில் சொன்ன சூத்திரம் என்று கதை கட்டுகிறார்கள். அவருடைய அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாழ்க்கையை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். எஃப்.ஏ. பரீட்சையில் தேறாத இளைஞர் அவர். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் அவருக்கு மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே தலைமைக் கணக்கரான நாராயண ஐயரும், துறைமுகத் தலைவரான ஸ்பிரிங் துரையும் அவருக்காகக் கடிதம் எழுதினார்கள். 1913-இல் பட்டமே இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914-இல் ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தார். இப்படிக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றிவிட்டவர்கள் அத்தனை பேர். தவறிப்போன பையனைத் தூக்கி நிறுத்த ஒரு சாதியின் உத்தியோக வட்டமும் ஒரு அரசாங்கமும் ஒரு பல்கலைக்கழகமும் வந்தன. நம்ம புள்ள ஒரு பரீட்சையில் தவறினால் என்ன வருகிறது? மாடு மேய்க்கச் சொல்கிறார்கள். பெண்ணாக இருந்தால் மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

அதே வீட்டில் இன்னொரு ஆளும் இருந்தார். 1909-இல் பத்து வயதில் ராமானுஜனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட ஜானகி. 1920-இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 21. பிறகு தையல் கற்று, திருவல்லிக்கேணியில் தைத்துப் பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். கணித மேதையின் வீட்டிலேயே பெண்ணுக்குக் கணிதம் இல்லை. லீலாவதி கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் கணித நூலுக்கு லீலாவதி என்று பெயர் வைத்தார். கல்யாணம் நின்றுபோன மகளைத் தேற்ற அப்படிப் பெயர் வைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. புத்தகத்துக்குப் பெண் பெயர் கிடைத்தது. அந்தப் பெண் போட்ட கணக்கு ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை.

பெண்கள் படித்து வந்த கதையிலும் இதே பாடம் இருக்கிறது. குழந்தை விதவையான சுப்புலட்சுமி 1911-இல் சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் ஆனார். அடுத்த ஆண்டே பிராமண இளம் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அரசாங்கம் உதவியது. தங்க இடம், சாப்பாடு, உதவித்தொகை, ஆசிரியப் பயிற்சி எல்லாம் அங்கே கிடைத்தன. அங்கிருந்து ஒரு தலைமுறை ஆசிரியைகள் வந்தார்கள். அவர் மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி நடத்தினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விடுதியின் கதவு யாருக்குத் திறந்தது என்பதும் வரலாறுதான்.

அவர் தொடங்கிய சாரதா வித்யாலயாவின் பெயரைச் சொன்னதும் எனக்கு இன்னொரு பெயர் ஞாபகம் வருகிறது. ராமன் பரிமளா. 1948-இல் பிறந்தவர். சென்னையில் சாரதா வித்யாலயா, பிறகு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையம் என்று படியேறினார். இயற்கணிதத்தில் ஆராய்ச்சி செய்தார். 1987-இல் கணிதத்துக்கான பட்நாகர் விருது பெற்ற முதல் பெண் ஆனார். 2010-இல் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டின் பொது அரங்கில் உரையாற்றினார். ஒவ்வொரு படியிலும் கால் வைக்க ஒரு நிறுவனம் இருந்தது என்பதைப் பாருங்கள். அவருக்குப் பின் அந்த விருதைக் கணிதத்தில் பெற்ற பெண்கள் 2004-இல் சுஜாதா ராமதுரை, 2019-இல் நீனா குப்தா. அறுபது ஆண்டில் மூன்றே பேர். படி இருந்த இடத்திலேயே பெண்களுக்கு இந்த நிலைமை. படியே இல்லாத இடத்தைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

நாம் சும்மா இருந்தோமா? 1848-இல் சாவித்திரிபாய் புலே புனாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். அங்கே படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா 1855-இல் தம் மக்களின் துயரத்தை எழுதி அச்சில் ஏற்றினாள். சென்னை அடையாறில் 1894-இல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கினார். எங்கள் ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்த சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்துக்குப் போய் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். எந்தக் கோயில் நந்தனைத் தீயில் இறக்கியதோ அந்த ஊரிலேயே நந்தன் பெயரில் பள்ளிக்கூடம். அண்ணல் அம்பேத்கர் லண்டனில் டாக்டர் பட்டத்துக்கு எடுத்த பொருள் ரூபாயின் பிரச்சினை. 1923-இல் நூலாக வந்தது. ஆளுகிறவனின் கணக்கு நோட்டைப் பிரித்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட முதல் நம்ம ஆள் அவர். அவர் வைசிராய் அவையில் உறுப்பினராக இருந்தபோதுதான், 1944-இல், தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. இன்றைக்கும் நம்ம பிள்ளைகள் கல்லூரிப் படியேறுவது அந்தப் பணத்தில்தான்.

4. கறுப்புச் சகோதரிகளின் பாதை

1972-இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கம் தோன்றியபோது பெயரை அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து எடுத்தார்கள். கணக்கு விஷயத்திலும் நாம் அவர்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது.

கேத்தரின் ஜான்சன் 1918-இல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தார். அவர் ஊரில் கறுப்புப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை. பிள்ளைகள் படிப்பதற்காக அவர் குடும்பம் நூறு மைலுக்கு மேல் தள்ளி இன்னொரு ஊருக்குப் போய்த் தங்கியது. கல்லூரியில் கிளேட்டர் என்ற கறுப்பினப் பேராசிரியர் இந்தப் பெண்ணிடம் "நீ ஆராய்ச்சிக் கணித அறிஞராக வேண்டும்" என்கிற எண்ணத்தை விதைத்து, அவர் ஒருவருக்காகவே ஒரு புதிய பாடத்தை ஏற்படுத்தி நடத்தினார். 1953-இல் அவர் லாங்லி விமான ஆராய்ச்சி நிலையத்தில் கணக்கிடும் வேலையில் சேர்ந்தார். கறுப்புப் பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை என்று இருந்த இடம் அது. நம்ம டீக்கடை இரட்டைக் குவளையின் அமெரிக்கப் பதிப்பு. 1962-இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படுமுன், எந்திரம் போட்ட கணக்கை அந்தப் பெண் சரிபார்த்துச் சொல்லட்டும் என்று கேட்டார். அந்தப் பெண் கேத்தரின் ஜான்சன். ஊர் மாறிய குடும்பம், தனியாகப் பாடம் நடத்திய வாத்தியார், பிறகு ஒரு வேலை. ஊக்கம் என்றால் இதுதான். மேடையில் சால்வை போர்த்துவதை நான் ஊக்கம் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொருவர் பாப் மோசஸ். 1960-களில் மிசிசிப்பியில் கறுப்பர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க அடிபட்டு உழைத்த போராளி. கணித ஆசிரியர். 1982-இல் தன் மகள் படித்த பள்ளியில் இயற்கணிதம் சரியாகச் சொல்லித் தரப்படாததைப் பார்த்து, தானே வகுப்பில் உட்கார்ந்து நடத்த ஆரம்பித்தார். அது இயற்கணிதத் திட்டம் என்று பெயர் பெற்று ஒரு இயக்கமாக வளர்ந்தது. ஓட்டுரிமை எப்படிப் போராட்டமோ அப்படித்தான் ஏழைக் கறுப்புப் பிள்ளைக்கு இயற்கணிதமும் என்று 2021-இல் இறக்கும் வரை அவர் வாதாடினார். போராட்டம் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிற நம் தோழர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

5. இனி நாம்

என் கதையையும் இங்கே சாட்சியாக வைக்கிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 94 வாங்கினேன். கூலிக்குப் போன அம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனாங்க. முதல் குரூப் கேட்டேன். "உங்க புள்ளைங்களுக்கு அது கஷ்டம்மா, மூணாவது குரூப் எடுத்துக்க, பாஸாவது ஆகலாம்" என்று ஒரு குரல். உங்க புள்ளைங்க என்ற சொல்லில் நானும் இருந்தேன், என் தெருவும் இருந்தது. அம்மாவுக்கு எதிர்த்துப் பேச வார்த்தை இல்லை. கூடவந்து பேச ஆளும் இல்லை. தமிழ் படித்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அது எனக்கு ஆயுதம் கொடுத்திருக்கிறது. ஆனால் நான் தேர்ந்தெடுக்கும் முன்பே எனக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். அதை நான் மறக்கவில்லை.

மதிப்பெண் வாங்கினால் மட்டும் விட்டுவிடுகிறார்களா? அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017-இல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176. கணிதத்தில் 200-க்கு 200. சேரிப் பெண்ணுக்குக் கணக்கு ஏறாது என்றவர்கள் முகத்தில் அந்த இருநூறு அறைந்தது. அவர் டாக்டராக விரும்பினார். அந்த ஆண்டுதான் மதிப்பெண்ணைத் தள்ளிவைத்துவிட்டு நீட் என்று விதியை மாற்றினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடினார். 2017 செப்டம்பர் 1 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தலை தட்டி அளந்தவர்கள் திருப்பி வாங்கும்போது கோபுரம் கட்டின அதே கதை. அளவை மாற்றுகிற அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் கணக்கு. அளவுகளை வகுக்கிற அவைகளில், பாடத்திட்டக் குழுக்களில், தேர்வுக் குழுக்களில், பல்கலைக்கழகக் கணிதத் துறைகளில் நம் பெண்கள் உட்கார வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கணித வகுப்புக்குப் போய்ப் பாருங்கள், பெண்கள் நிறைய இருக்கிறார்கள். எம்.எஸ்ஸி.யில் குறைவார்கள். ஆராய்ச்சியில் தேட வேண்டியிருக்கும். நம்ம தெருப் பிள்ளைகள் பலர் ஒரு தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குக் கணக்கு டீச்சராகப் போய், கல்யாணத்தோடு அதையும் விட்டுவிடுகிறார்கள். வழிகள் இல்லாமல் இல்லை. 1983-இல் அமைந்த தேசிய உயர்கணித வாரியம் உதவித்தொகை தருகிறது. 1993-இல் குமரேசன் என்ற பேராசிரியர் தொடங்கிய கோடைக்காலக் கணிதப் பயிற்சி முகாம் இருக்கிறது. பெண் கணித அறிஞர்கள் 2009-இலிருந்து தமக்குள் ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கிறார்கள். பட்டியல் சாதி ஆய்வாளர்களுக்குத் தனி உதவித்தொகை இருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022-இலிருந்து அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. இதில் பாதி, சேரிக்கு வந்து சேருவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிடுகிறது. தகவல் என்பதும் ஒரு மரக்கால்தான்.

2023 ஜனவரி 30 அன்று எங்கள் மாவட்டம் தென்முடியனூரில் தலித் மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் போலீஸ் காவலோடு நுழைந்தார்கள். எண்பது வருசமாக அடைத்திருந்த வாசல். அந்த வாசலைப் படம் பிடிக்க முடிந்தது. பள்ளிக்கூடத்தில் குரூப் பிரிக்கிற மேசையை யாரும் படம் பிடிப்பதில்லை. அதற்குப் பாதுகாப்புக்கு யாரும் வருவதில்லை. அங்கே நாம்தான் போய் நிற்க வேண்டும்.

ஆகவே தோழர்களுக்கு நான் வைக்கிற கோரிக்கைகள் இவை. நம் தெருக்களில் அம்பேத்கர் பெயரில் நடக்கிற இரவுப் பாடசாலைகளில் எட்டாம் வகுப்பிலிருந்தே பெண் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் நடத்த வேண்டும். பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற நம் பெண்களையே ஆசிரியைகளாக்கி, அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இலவச சேவை என்று அவர்கள் உழைப்பையும் தலை தட்டி அளக்கக் கூடாது. பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்றே கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்களின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் குரூப் பிரிக்கிற நாளில் அவர்கள் அம்மாவோடு இரண்டு பேராவது கூடப் போய் நிற்க வேண்டும். கல்லூரிப் பெண்களுக்கு விடுதி, விண்ணப்பம், கடைசித் தேதி இவற்றைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் ஆள் வேண்டும். எம்.எஸ்ஸி. முடிக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று வீடுகளில் சண்டை போட வேண்டும். அந்தச் சண்டையை ஆண் தோழர்கள் தங்கள் சொந்த வீட்டில், தங்கள் தங்கச்சிக்காகவும் மகளுக்காகவும் முதலில் தொடங்க வேண்டும்.

நிலம் கேட்கிறோம், கூலி கேட்கிறோம், பஞ்சமி நிலத்தின் அளவு கேட்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. அந்த நோட்டை எழுதவும், அதில் எழுதியிருப்பது பொய் என்று நிறுவவும், புதிய கணக்கைக் கண்டுபிடிக்கவும் தெரிந்த நூறு பெண்கள் சேரியிலிருந்து வர வேண்டும். அடுத்த பத்தாம் வகுப்பு முடிவுக்குச் சில மாதங்கள்தான் இருக்கின்றன. உங்கள் தெருவில் அந்தப் பெண் யார் என்று இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.